கவிழ்த்து வைத்தால் ஓடும் பெட்டி

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி புகுந்து கிளறிய நாற்றங்கால் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பது எனக்கு இன்றுவரை மழை மாதிரிதான். வந்தால் வரும்.

அடுத்து, ஒப்புதல். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவன் நான். பெண்ணின் அண்ணனைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதற்குள் இருந்த மின்விசிறியைக்கூடப் பார்த்தேன். பெண்ணை மட்டும் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற வேலை. எங்கள் அறையில் பன்னிரண்டு பேர், ஒரு டிவி. பழைய சாமான் சந்தையில் வாங்கிய சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டி ஒன்றும் இருந்தது. அது என்னுடையது. குடும்பத்தைப் பற்றிப் பேசினால் அழுகை வரும், சம்பளத்தைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்று நாங்கள் கேம் பெட்டிகளைப் பற்றி மட்டும் பேசினோம். எந்தப் பெட்டிக்கு வேகம் அதிகம், எந்தக் கன்ட்ரோலர் கைக்கு அடங்கும், எந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கெடுத்தார்கள் என்று பேசினோம். சண்டையும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் பிறவியிலேயே கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால்கூட நடத்துநரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருவேன். (நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.) கேம் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எனக்குள் யாரோ ஒரு வக்கீல் எழுந்து நிற்பான்.

அந்த வருஷம் பொங்கல் கழித்து, கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்புவது என்று நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தேன். லூர்து அக்காவும் அத்தானும் நான்கு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். நான்கு வீட்டிலும் நான் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நான்கு வீட்டிலிருந்தும் ஒரே கேள்வி வந்தது. "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?"

நாள் கரைந்தது. எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று தடவை ஊருக்கு அறிவிப்பார். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம். ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அக்கா காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். நாளைக்கு முதல் ஓலை விழுந்தால்தான் மூன்றாவது ஓலை முடிந்து, சாம்பல் புதனுக்கு முன்னால் தாலி ஏறும். இன்றைக்கு, சனிக்கிழமை, ஐந்தாவது பெண். இதை விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து.

"ஆரோக்கியம், காலுல விழுந்து கேக்குறேன்" என்றாள் அக்கா. "அங்க நாலு வார்த்தையாவது பேசிடு."

"என்னத்தப் பேசுறது?"

"எதையாவது! பொண்ணோட அண்ணன் கும்பகோணத்துல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்காரு. ஒன் கேம் பெட்டியப் பத்திச் சொன்னேன். கொண்டாரச் சொன்னாரு. அதப் பத்திப் பேசேன்."

ஆக, இந்த நாசத்துக்கு விதை போட்டவள் என் அக்கா. (இதைப் படித்தால் அவள் மறுப்பாள். பரவாயில்லை, அவளாலும் என் கையெழுத்தைப் படிக்க முடியாது.)

பாபநாசத்தில் பஸ் இறங்கி நடந்தோம். பெட்டி ஒரு சிங்கப்பூர்க் கடைப் பையில் என் கையை விட்டு இறங்கவில்லை. பெண் வீட்டில் அறுப்பு முடிந்த நேரம். கூடத்தில் பாதி நெல் மூட்டை. ஒரு மூலையில் விதைக்கென்று ஒதுக்கிய நெல்லைச் சாக்கு விரித்துக் குவித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மூட்டைகளுக்கு இடையே எங்களுக்கு நாற்காலி போட்டார்.

முதல் மரியாதைக் கேடு உட்காருவதற்கு முன்பே நடந்தது. பெண்ணின் அம்மா என் கையிலிருந்த பையைச் சிரித்தபடி வாங்கி, நாங்கள் கொண்டுபோன பழம், பூ, வெற்றிலையோடு சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டார். சிங்கப்பூர் மாப்பிள்ளை கொண்டுவந்த சீர் என்று நினைத்திருக்கிறார். எந்த மனிதனும் அப்படித்தான் நினைப்பான். நான் எழுந்து போய், தட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் என் முதல் வார்த்தையைச் சொன்னேன்.

"இது என்னோடது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தட்டில் பையிருந்த இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு வந்து நின்றது.

நல்ல வேளை, அண்ணன்காரர் அமலன் உள்ளேயிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். "வாங்க மாப்ள, கொண்டாந்துட்டீங்களா!" என்று என்னைவிட்டுப் பையைத்தான் முதலில் வரவேற்றார். கூடத்தில் டிவிக்குப் பக்கத்திலேயே அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. சொந்தமாகப் பாகம் வாங்கிச் சேர்த்தது. பக்கவாட்டுத் தகடு கழற்றி, குடல் தெரிய நின்றது. அதைப் போட்டதும், அத்தானுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்கு நேராக வைத்தார்.

"சூடாயிரும். காத்து வேணும்."

அத்தானுக்கும்தான் வேண்டும். அவரிடம் துண்டு இருந்தது. துடைத்துக்கொண்டார்.

என் பெட்டியை டிவியில் மாட்டி, முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்தேன். அந்தப் பெட்டியைச் சரியாக வைத்தால் ஓடாது. நாள்பட்டால் உள்ளே சிடியைப் படிக்கும் கண் சூட்டில் இறங்கிவிடும். தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அந்தக் கண் தன் எடையிலேயே சரியான இடத்துக்கு வந்துவிடும், ஆட்டம் வெண்ணெயாக ஓடும். எங்கள் அறையில் பன்னிரண்டு பேருக்கும் இது தெரியும். நான் பழக்கத்தில் பெட்டியைக் கவிழ்த்தேன். நான்கு ரப்பர் கால்களும் மல்லாந்த வண்டு மாதிரி மோட்டுவளையைப் பார்த்தன.

பெண்ணின் அப்பா முன்னால் நகர்ந்து பார்த்தார்.

"ஏன் தம்பி கவுத்து வெக்கிறீங்க?"

"கவுத்தாத்தான் மாமா ஓடும்."

"எங்க வீட்டுல மரக்காலக்கூடக் கவுத்து வெக்க மாட்டோம். நல்ல காரியத்தன்னிக்கு…" என்று இழுத்தார். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்தால் களம் காலி என்று அர்த்தம். நெல் விளைகிற ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் கேம் பெட்டி மரக்கால் இல்லையே என்று என் வக்கீல் உள்ளுக்குள் சொன்னான்.

அமலனுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, இதாம்ப்பா இவுங்க பெட்டியோட லட்சணம். தலகீழா நின்னாத்தான் வேல செய்யுமாம்!"

நான்கு வீட்டில் வாய் திறக்காதவன் அங்கே திறந்தேன்.

"ஒங்களுது மட்டும் என்னவாம்? வயித்தக் கிழிச்சு வெச்சு விசிறி விட்டாத்தான மூச்சு வாங்குது?"

அக்கா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. தம்பி பேசிவிட்டான்! பாவம், இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னை நிறுத்தச் சொல்லி அவளே இடுப்பில் கிள்ளப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

"மாப்ள, ஒங்க பெட்டில மெமரி எவ்ளோ?" என்றார் அமலன்.

"ரெண்டு."

"ரெண்டா! எங்கிட்ட முப்பத்திரெண்டு."

"ரெண்டு இட்லில வயிறு நெறையுறவனுக்கு முப்பத்திரெண்டு எதுக்கு? முப்பத்திரெண்டு சாப்ட்டும் ஒங்க ஆளு ஏன் நொண்டுறான்?"

இரண்டு திரையிலும் ஒரே சண்டை ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் பெட்டிக்காக எழுதப்பட்ட ஆட்டம். அதைப் பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றி விற்றார்கள். அப்படி மாற்றியதற்கு போர்ட் என்று பெயர். அமலனின் திரையில் படம் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் ஆள் குத்து விட்டால் முக்கால் தூரம் போய் யோசித்துவிட்டுத்தான் கை மிச்சத் தூரம் போகும். டிவியில் வேகம், ஆனால் உற்றுப் பார்த்தால் பின்னால் இருக்கிற சுவர், சித்திரை மாதத்து வயல் கானல் மாதிரி நெளியும்.

"ஒங்க செவுரு ஏன் நெளியுது?"

"அது… காத்து."

"கட்டடத்துக்குள்ளயா?"

"பாட்டக் கேளுங்க முதல்ல" என்று பேச்சை மாற்றினேன். (தோற்கிற இடத்தில் பேச்சை மாற்றுவதை வக்கீல்தான் சொல்லிக் கொடுத்தான்.) "எங்க பெட்டில எப்புடி அடிக்குது பாருங்க. ஒங்களுதுல? தேருக்கு பேண்டு செட்டு சொல்லிட்டு ஒத்த ஆளு பீப்பியோட வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

பெண்ணின் அப்பா, மரக்கால் வருத்தத்தை மறந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இருங்க, இருங்க. ஒரே ஆட்டந்தான? அங்க நல்லா இருக்கு, இங்க ஏன் நொண்டுது?"

"இதுல வெதச்சத அதுல கொண்டுபோயி வெச்சாங்க மாமா."

"அதாவது நாத்தப் புடுங்கி வேற வயல்ல நட்ட மாதிரி."

"ஆமாங்க!"

"நட்ட கை சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார் அவர். "இன்னும் பச்ச புடிக்கல."

முப்பது வருஷம் நடவு பார்த்த மனிதர். கம்ப்யூட்டர் போர்ட்டைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கியது. இவர்தான் என் மாமனார் என்று முடிவே செய்துவிட்டேன். மாமனார் வேண்டுமென்றால் நடுவில் ஒரு பெண் தேவைப்படும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா குரல் கொடுத்தார். "செல்வி காப்பி கொண்டாரலாமாங்க?"

"இரு, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார் அப்பா.

அப்பனே அந்நியர் பக்கம் சாய்ந்ததில் அமலனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பேசிக்கிட்டே இருந்தா ஆச்சா? வாங்க, எம் பக்கம் ரெண்டு பேரும் ஆடிப் பாப்போம்" என்றார். ஒரே விசைப்பலகையில் இருவரும் முழங்கையோடு முழங்கை இடித்து உட்கார்ந்தோம். மூன்று நான்கு விசையைச் சேர்த்து அழுத்தியதும் கம்ப்யூட்டர் கோழிக்குஞ்சு மாதிரி கத்த ஆரம்பித்தது.

"ஒங்க மிஷினு அழுவுதுங்க" என்றேன்.

"நீங்க குத்துற குத்துல எதுதான் அழுவாது?"

"எங்க பெட்டிக்கு வந்து பாருங்க. ஆளுக்கு ஒரு கன்ட்ரோலர். யாரும் யாரு இடுப்பையும் இடிக்க வேணாம்."

"செல்வி ரொம்ப நேரமா நிக்கிதுங்க" என்று இரண்டாவது குரல். அக்கா என் இடுப்பில் முதல் கிள்ளு. நான் டிவிக்கு நகர்ந்துவிட்டேன். கன்ட்ரோலரைப் பிடித்ததும் அமலன் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த மௌனத்தின் அருமை எனக்குத் தெரியும். கைக்கு அடக்கமாக ஒரு பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது. எதிரி உள்ளுக்குள் ஒத்துக்கொள்கிறான், வாயால் சொல்லத்தான் மனசில்லை. ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்தோம். மூன்றாவது சுற்று. இரண்டு பேருக்கும் உயிர் நூலளவு. இன்னும் ஒரே ஒரு உதை.

அந்த நேரம் பார்த்து ஒரு புடவை டிவியை மறைத்தது.

நான் இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன். தெரியவில்லை. வலது பக்கம் சாய்ந்தேன். அங்கே ஒரு காப்பித் தட்டு. பிறகு, இன்றைக்கும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் சின்னப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்கிற அந்த வாசகத்தைச் சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? மறைக்குது."

அந்தப் புடவை மரியாதையாகத் தள்ளி நின்றது. தட்டை வைக்க இடம் தேடியது போலிருக்கிறது. கண்ணெதிரே ஸ்டூல் மேல் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒரு பரப்பு, நாலு மூலையிலும் ரப்பர். தட்டை அதன் மேல் வைத்தது. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு டம்ளர் காப்பி, சர்க்கரை தூக்கலாகப் போட்டது, அடியில் இருந்திருக்க வேண்டிய காற்றுத் துளைகள் வழியாக என் பெட்டிக்குள் இறங்கியது. டிவியில் என் ஆள் தூக்கிய காலோடு உறைந்து நின்றான். 'டப்' என்று ஒரு சத்தம். டிகாஷனும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகும் வாசனை.

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? "சுட்டுடலையே?" என்று அந்தப் பெண்ணைக் கேட்பான். அவள் அண்ணன் என்ன செய்வான்? தங்கையை மரியாதை இல்லாமல் பேசியவனை எழுந்து போகச் சொல்வான்.

நான், "சிடி தப்பிச்சிருக்குமா?" என்றேன்.

அமலன், "இருங்க, ஸ்குரு டிரைவர் எடுத்தாரேன்" என்றார்.

இருவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தோம். அவர் திருகாணியைக் கழற்ற, நான் உள்ளங்கையில் வாங்கினேன். "பாத்தீங்களா, கம்ப்யூட்டர்னா இந்த ஒரு பாகத்த மட்டும் மாத்திக்கலாம். ஒங்க கம்பெனிக்காரன் எல்லாத்தையும் ஒரே பலகைல ஒட்டிட்டான்" என்று மரண வீட்டிலும் தர்க்கம் பேசினார். நான் கோபத்தில் கையை உதற, ஒரு திருகாணி துள்ளி விதை நெல் குவியலுக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் மண்டியிட்டு நெல்லைக் கிளறினோம். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, நெல் தூசி, முழங்கால் வரை காப்பி.

"எந்திரிடா" என்றாள் அக்கா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

திரும்பும் பஸ் ராஜகிரியைத் தாண்டியது. அக்கா என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அந்தப் பொண்ணு என்ன கலரு பொடவ கட்டியிருந்துச்சு?"

யோசித்தேன். மறைத்தது என்பதைத் தவிர அந்தப் புடவையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "அதுதான் பொண்ணா?" என்றேன்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "விடு லூர்து. நாலு வார்த்த பேசுன்னு நீதான சொன்ன. எண்ணிப் பாத்துட்டேன். பொண்ணுகிட்ட மூணு பேசியிருக்கான். ஒண்ணுதான் கொறயுது."

மறுநாள் காலை பூசை முடிந்து, சம்பந்தம் பேசிய தரகர் வந்து செல்வி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "மாப்பிள்ள நல்லாத்தான் பேசுறாரு. ஆனா எங்க அண்ணங்கிட்டதான் பேசுறாரு. அவரையே கட்டிக்கச் சொல்லுங்க."

அந்த ஞாயிறும் அடுத்த இரண்டு ஞாயிறும் சாமியார் யார் யாருக்கோ ஓலை வாசித்தார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். சாம்பல் புதனன்று வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் சிங்கப்பூர் விமானம். போகும்போது பெட்டியும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. அறையில் பதினொரு பேரும் பெட்டியைப் பற்றித்தான் துக்கம் விசாரித்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உறைக்குள் காகிதத்தில் சுற்றி ஒரு சின்னத் திருகாணி. அமலன் எழுதியிருந்தார்: "விதை நெல் முளை கட்டும்போது கிடைத்தது. அப்பாவும் நானும் ஒரு நாள் கூடுதலாகவே ஊறப்போட்டுப் பார்த்தோம். முளைக்கவில்லை. கம்ப்யூட்டர் பாகமாக இருந்தால் முளைத்திருக்கும்."

பதில் எழுதாமல் இருக்க முடியுமா? அதுதான் நான் வாழ்நாளில் எழுதிய முதல் நீளமான கடிதம், நான்கு பக்கம். அதற்கு அவர் ஆறு பக்கம். கடிதம் போய் போன் வந்தது, போன் போய் செல்போன் வந்தது. எத்தனையோ பெட்டி வந்து போனது, தர்க்கம் மட்டும் போகவில்லை. பெண் கொடுக்காமலேயே அவர் எனக்கு மச்சான் ஆகிவிட்டார்.

அடுத்த லீவில் எனக்குக் கல்யாணம் ஆனது. அந்தப் பெண் பார்க்கும் வீட்டில் அக்கா முதல் வேலையாக டிவி மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள். நான் பழைய பாவத்துக்குப் பரிகாரமாகப் பெண்ணை இமைக்காமல் பார்த்தேன். "போலீஸு திருடனப் பாக்குற மாதிரி பாத்தாரு" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால், எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். "இந்தாங்க, ஒங்க மொத சம்சாரம். கம்ப்யூட்டர் சென்டரு."

போன வாரம் அமலன் மகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கினாள், புதுநன்மை விருந்து. போயிருந்தோம். சாப்பாடு ஆனதும் அவரும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். இப்போதெல்லாம் புது ஆட்டம் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே நாளில் வருகிறது. "வந்த அன்னிக்கே ஒங்களுது மூணு தடவ நின்னுபோச்சாமே. இன்னும் பச்ச புடிக்கலயா?" என்று நான் ஆரம்பித்த நேரத்தில், பாயசத் தட்டோடு ஒருத்தி வந்து டிவிக்கு நேராக நின்றாள். செல்வி. வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். முன்நெற்றியில் நரை. விருந்தன்று கட்டியிருந்தது பச்சைப் புடவை. இந்தத் தடவை பார்த்துவிட்டேன்.

"மறைக்குதாண்ணே?" என்றாள்.

கூடமே சிரித்தது. என் மனைவிதான் அதிகம் சிரித்தாள். இத்தனை வருஷமாக என் நெஞ்சுக்குள் கிடந்த கேள்வியைக் கேட்க அதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. கூச்சத்தை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"செல்வி, அன்னைக்கு அந்தக் காப்பித் தட்ட… தெரிஞ்சா வெச்ச, தெரியாமலா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாயசத்தை என் கையில் கொடுத்தாள்.

"கம்ப்யூட்டரு மேலதாண்ணே வெக்கலாம்னு மொதல்ல போனேன். அங்க ஃபேனு இருந்துச்சு."

அமலன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் நடந்த தர்க்கத்தில், கையில் கன்ட்ரோலர் இல்லாமல் அவர் பேச்சு நின்றுபோனது அந்த ஒரு தடவைதான். அதை நான் எழுதி வைக்காவிட்டால் நாளைக்கே நடக்கவில்லை என்று சாதிப்பார். அதனால்தான் இவ்வளவு மோசமான கையெழுத்தில் இவ்வளவு நீளம்.

எழுதி முடித்தது: ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், அவர் போன் அடிப்பதற்குள்.